அமைச்சர் ஆமாம் என்றார்

கென்னிங்டன், லண்டன்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வில்ஃப்,

நான் சௌக்கியம். வெந்நீர் பாய்லர் மட்டும் சௌக்கியமில்லை. நீ ஊரில் இல்லாத சமயம் பார்த்துத்தான் அது படுத்துக்கொள்ளும். அந்தத் தென்கோடித் தீவில், போர்ட் ஸ்டான்லியில், காற்று உன் இன்னொரு தொப்பியையும் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது என்று எழுதியிருந்தாய். துறைமுகம் கட்டப் போனவன், மீன்களுக்கெல்லாம் தொப்பி மாட்டிவிட்டுத் திரும்பி வரப் போகிறாய். தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்டிக்கொள்ளும் கம்பளித் தொப்பி ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி இருப்பாய் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் போட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஞாயிறு தொலைக்காட்சியில் 'நண்பகல் கேள்வி'யில் உட்காரப் போவது நான். உண்மையில் அழைப்பு என் பெரிய அமைச்சர் லயனல் ப்ரைஸுக்குத்தான் வந்தது. ஆனால் அவருக்கு ஜலதோஷம். நல்ல செய்தி இருக்கும் வாரங்களில் அந்த மனிதர் தும்மி நான் பார்த்ததே இல்லை. கெட்ட செய்தி வந்தால் போதும், கைக்குட்டையோடு படுத்துவிடுவார், துணை அமைச்சரான நான் போக வேண்டும். ஒரு மணி நேரம், ஒரே ஒரு விருந்தாளி, எதிரே கேள்வி கேட்க ரூபர்ட் ஆஷ்கிராஃப்ட். அவருடைய டையைப் பார்த்து நீ வாரந்தவறாமல் சிரிப்பாய். இந்த வாரம் நான் அதைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

இனி எழுதக் கூடாததை எழுதுகிறேன். இந்தக் கடிதம் விமானம் ஏறி உன்னிடம் வருவதற்குள் எல்லாம் பழங்கதை ஆகியிருக்கும் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தார்ன்மவுத் கப்பல் கட்டும் தளத்தை மூடுவதென்று முடிவாகிவிட்டது. நான் எதிர்த்துப் பேசினேன், தோற்றேன். இலையுதிர் காலத்தில் கதவு சாத்தப்படும். ஆனால் மே மாத உள்ளூர்த் தேர்தல் முடியும்வரை ஒருவரும் மூச்சுவிடக் கூடாதாம். அதுவரை, கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார்கள்: "எல்லா வழிகளும் பரிசீலனையில் உள்ளன." என் தொகுதி, உன் ஊர், உன் தம்பி வேலை பார்க்கும் இடம். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டிய வாக்கியம் இது.

போன ஞாயிறு அங்கே, உன் தம்பி லெஸ்ஸின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி பாலின் மாட்டிறைச்சி சுட்டிருந்தாள், யார்க்‌ஷயர் புட்டிங் வழக்கம்போல வீட்டுக்கூரை அளவுக்கு உப்பியிருந்தது. லெஸ் சாப்பாட்டில் மனமில்லாமல் கத்தியை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகுதான் சொன்னான். நார்வேயில், பெர்கனில் உள்ள ஒரு தளத்தில் அவனுக்கு வெல்டிங் மேற்பார்வையாளர் வேலை தருகிறார்களாம், குடியிருக்க வீட்டோடு. வருகிற செவ்வாய்க்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "இந்த வயசுல போய் மீனும் பனியுமா கெடக்கணுமா, இல்ல இங்கயே இருக்கலாமா? நீ ஒண்ணும் வாயத் திறக்க வேணாம், ஆட்ரி. தலைய மட்டும் ஆட்டு. மேலயும் கீழயும்னா போறேன், பக்கவாட்டுலன்னா இருக்கேன்" என்றான்.

நான் தலையை ஆட்டவில்லை. கிரேவியை எடுத்து அவன் தட்டில் ஊற்றினேன். கொழுந்தனுக்குச் சொன்னால், அடுத்த வீட்டு வெல்டருக்கு ஏன் சொல்லவில்லை? அவன் அடுத்த வீட்டுக்காரனுக்கு? இதை நானும் நீயும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். தவிர, லெஸ்ஸுக்கு மட்டும் தெரிந்தால் அவன் சும்மா பெட்டி கட்டிக்கொண்டு போகிறவனா? கிளப்பில் மேசை மேல் ஏறி நின்று கத்துவான். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சரி, புரிஞ்சிடுச்சு. தளம் தப்பிச்சிடும். மூடுறதா இருந்தா என் முகத்தப் பாத்துக்கிட்டு உன்னால இப்படிச் சாப்பிட முடியுமா? அடுத்த வாரம் நார்வேக்காரனுக்கு வேணாம்னு எழுதிடறேன்" என்றான்.

நான் சாப்பிட்டேன், வில்ஃப். தட்டைக் காலி செய்தேன். ரயிலில் திரும்பும்போது என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது.

நேற்று முழுக்க ஒத்திகை. என் அந்தரங்கச் செயலர் மிஸ் க்ரேடக்கை உனக்குத் தெரியும், கல்லில் நார் உரிப்பவள். மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆஷ்கிராஃப்ட் ஆகிவிட்டாள். தலையைச் சாய்த்து, "நீங்க இன்னும் பதில் சொல்லல மினிஸ்டர்" என்று அச்சு அசலாக அவரைப் போலவே இழுத்தாள். நான் எல்லா வழிகளையும் பரிசீலித்தேன். எதிர்க்கட்சியின் மேல் பழி போட்டேன், கொரியாக்காரர்களின் மலிவான கப்பல் விலையைப் பற்றிப் பேசினேன், அருமையாக மழுப்பினேன். முடிந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரொம்ப நல்லா வந்துச்சு மினிஸ்டர். எனக்கே ஒண்ணும் புரியல" என்றாள். பாராட்டுத்தான்.

நீ கவலைப்படாதே. எனக்குப் பயமில்லை. என்ன செய்வது என்று தெரியாதபோதுதான் எனக்குப் பயம் வரும்.

உன் ஆட்ரி


கென்னிங்டன்
ஞாயிறு, மாலைத் தேநீருக்குப் பிறகு

அன்புள்ள வில்ஃப்,

அந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, இதையும் அதே உறையில் வைக்கிறேன். முதலில் டை. ஊதா நிறம், அதில் சின்னச் சின்ன நரிகள். பக்கத்தில் பார்த்தால் இன்னும் மோசம்.

ஒப்பனை அறையில் ஒரு அம்மாள் என் மூக்கில் பவுடரை அப்பு அப்பென்று அப்பினாள். "மூக்கு பளபளன்னா பாக்கறவங்களுக்குப் பொய் சொல்ற மாதிரியே தெரியும் கண்ணு. போன வாரம் ஒரு மந்திரி வேணாம்னுட்டாரு. பாத்தீங்கல்ல கதிய?" என்றாள். எனக்குக் கொஞ்சம் போதும் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லி இன்னொரு முறை அப்பினாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாதி ஊருக்கே தெரிந்த சங்கதிகள். ஏற்றுமதி, வட்டி விகிதம், ப்ரைஸின் ஜலதோஷம். நான் வாயாடிக்கொண்டிருந்தேன், ஆஷ்கிராஃப்டும் குஷியாக இருந்தார். பிறகு காகிதத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அவர் அப்படிச் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று நாட்டில் ஞாயிறு சமையலுக்கு டிவி முன்னால் உருளைக்கிழங்கு உரிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். "தார்ன்மவுத் தளத்தை மூடுவது என்று இந்த அரசு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதா, இல்லையா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை உனக்கு எழுதும்போதே இதற்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். லெஸ்ஸிடம் மட்டும் சொல்லக் கூடாது. சரி, எல்லாரிடமும் சொல்லிவிட்டால் லெஸ்ஸிடமும் சொன்னதாகிவிடும். இவ்வளவுதான் கணக்கு. "ஆமாம். முடிவு செய்துவிட்டோம். இலையுதிர் காலத்தில் மூடுகிறோம்" என்றேன்.

இனி நடந்ததை நீ நம்ப மாட்டாய். ஆஷ்கிராஃப்ட் தலையைச் சாய்த்தார். வருத்தமாகப் புன்னகைத்தார். "மினிஸ்டர், நான் கேட்டது எளிமையான கேள்வி. நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றார். மிஸ் க்ரேடக்கின் குரலேதான். நான், "ஆமாம்னு சொன்னேன்" என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "பரிசீலனைங்கற வார்த்தைக்குப் பின்னால எவ்வளவு நாள் ஒளிஞ்சிருப்பீங்க?" என்றார். பரிசீலனை என்ற வார்த்தையை நான் வாயில் வைக்கவே இல்லை! கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்தபோது நான் கையை நீட்டி அவர் காகிதத்தின் மேல் வைத்தேன். "ஆஷ்கிராஃப்ட், மூடறோம். முடிவாயிடுச்சு. நான் ஒத்துக்கிட்டேன். நீங்க அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்றேன்.

அப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது, பாவம். காகிதத்தைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். அவரிடம் அடுத்த கேள்வி இல்லை.

எனக்குக் கிடைத்த அந்த இடைவெளியை நான் வீணாக்கவில்லை. அந்த நிகழ்ச்சியில் விருந்தாளி கேமராவைப் பார்க்கக் கூடாது, கேட்கிறவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அது எழுதாத சட்டம். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேமராவைப் பார்த்தேன். "தார்ன்மவுத்தில் இருப்பவர்களே, காத்திருக்காதீர்கள். வேறு வேலை கைக்கு வந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முடிவு மாறாது. மாற்றப் பார்த்தேன், முடியவில்லை" என்றேன். பிறகு நஷ்டஈடு பற்றியும், மறுபயிற்சி பற்றியும், நாங்கள் எதைச் செய்யவில்லை என்பது பற்றியும் நேரம் முடியும்வரை நானே பேசினேன். ஆஷ்கிராஃப்ட் நடுநடுவே தலையாட்டினார்.

முடிந்ததும் வழக்கம்போலச் சாப்பாடு. கேட்டவரும் மாட்டிக்கொண்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி குளிர்ந்த சால்மன் மீனும் வெள்ளை ஒயினும் சாப்பிட வேண்டும். நிகழ்ச்சியின் ஆசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குசுகுசுத்தார். வாரம் முழுக்க ஐந்து பேர் உட்கார்ந்து, விருந்தாளி எப்படியெல்லாம் நழுவுவார் என்று கிளை கிளையாக வரைந்து வைத்திருந்தார்களாம். கொரியா என்றால் இங்கே, எதிர்க்கட்சி என்றால் அங்கே என்று சுவர் முழுக்க ஒரு பெரிய வரைபடம். "ஆமாங்கறதுக்கு நாங்க கிளையே போடல மேடம். இத்தன வருஷத்துல யாரும் சொன்னதே இல்லையே" என்றார். ஆஷ்கிராஃப்ட் எதிரே உட்கார்ந்து மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கே மனசு கேட்காமல் அவருக்கு ஒயின் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு தொலைபேசி அழைப்புகள். முதலில் ப்ரைஸ், ஜலதோஷம் மாயமாக மறைந்துவிட்டிருந்தது. தளத்தை மூடுவது பற்றி அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. நாடாளுமன்றத்துக்குச் சொல்வதற்கு முன்னால் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டேனாம். அதுதான் குற்றம், அதுதான் நெஞ்சு பொறுக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "வாய் தவறி வந்துடுச்சுன்னு ஒரு வரி அறிக்கை குடுத்துடு. நானே எழுதி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டா பதவி இருக்கும். உன்னை இழக்க எனக்கு மனசில்ல ஆட்ரி" என்றார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யோசிப்பதாகச் சொன்னேன்.

இரண்டாவது லெஸ். அவன் நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை, கிளப்பில் இருந்தானாம். பாலின் சமையல் ஏப்ரனோடு தெருவில் ஓடிப்போய் அவனைக் கூட்டி வந்திருக்கிறாள். எனக்கு நன்றியெல்லாம் வேண்டாம் என்று அவனிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அவன் விட்டால்தானே! "யாருக்குடி காதுல பூ சுத்தற? டிவியில உங்க ஆளுங்க எவனாவது உண்மை சொன்ன சரித்திரம் உண்டா? எங்களப் பயமுறுத்தி, கம்மி நஷ்டஈட்டுக்குத் தலையாட்ட வைக்கப் பாக்கறீங்க. ஊரே சொல்லுது. ரெண்டு நாள்ல வாய் தவறிடுச்சுன்னு ஒரு காகிதம் வரும், பாரு. நான் நார்வேக்குப் போகப் போறதில்ல, அமைச்சரம்மா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் மழுப்பியதற்கு இதுதான் கூலி. உண்மையைச் சொன்னால் அதுவும் ஒரு மழுப்பல் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் பார், ப்ரைஸின் மேசையில் இருக்கிற காகிதத்தைத் தார்ன்மவுத்தில் இருந்துகொண்டே லெஸ் படித்துவிட்டான். நான் அதில் கையெழுத்துப் போட்டால் அவன் சொன்னது சரி. அவன் நார்வேக்கு வேண்டாம் என்று எழுதுவான், இலையுதிர் காலத்தில் கைக்கருவிப் பெட்டியோடு தெருவில் நிற்பான்.

எனவே நாளைக் காலையில் என்ன செய்வேன் என்பது உனக்கு இப்போதே தெரிந்திருக்கும். ஒருமுறை நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரே ஒருமுறைதான். பாய்லருக்காக என்று வைத்துக்கொள்.

ஆட்ரி


தார்ன்மவுத்
வியாழக்கிழமை

அன்புள்ள வில்ஃப்,

இப்போது உன் மனைவி யாருக்கும் அமைச்சர் இல்லை. திங்கள் காலை ப்ரைஸின் காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். என் வாய் தவறவில்லை, பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சரியாக வேலை செய்தது என்றேன். மதியம் பிரதமர் மாளிகையிலிருந்து அழைப்பு வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது அரசாங்கக் கார் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மிஸ் க்ரேடக் என் குடையையும், ஜன்னலோரம் வைத்திருந்த செடியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "உங்ககூட வேலை பாத்தது ரொம்பச் சிரமமா இருந்துச்சு மினிஸ்டர்" என்று சொன்னாள். கண்கள் சிவந்திருந்தன. இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம்.

மாலைச் செய்தியில் முதல் செய்தி நான்தான். நான் பதவி இழந்தேன் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. லெஸ். இந்த முறை கத்தவில்லை. "அப்ப நெசம்தானா?" என்றான். நெசம்தான் என்றேன். "உன்னையத் தூக்கிட்டாங்கன்னு கேட்டப்புறம்தான் நம்பினேன். பொய் சொன்னதுக்கு அங்க எவனையும் தூக்க மாட்டாங்களே" என்றான். மறுநாள் காலையிலேயே பெர்கனுக்குத் தந்தி கொடுத்துவிட்டான். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவனைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர், சண்டர்லாந்து, கிளாஸ்கோ தளங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பாலின் சொல்கிறாள்.

நேற்று தளத்தின் வாசலுக்குப் போனேன். போகாதே என்று கட்சிக்காரர்கள் கெஞ்சினார்கள். போகாமல் இருந்தால் அது நானாக இருக்காது. பூச்செண்டு யாரும் வைத்திருக்கவில்லை. ஒரு வயதான பெயிண்டர், "சொன்னதுக்கு நன்றி. மூடினதுக்கு நாசமாப் போங்க" என்றார். நியாயம்தான் என்று சொன்னேன். மழையில் இரண்டு மணி நேரம் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். எல்லாருக்கும் ஒரு நார்வே இல்லை, வில்ஃப். அடுத்த தேர்தலில் இந்த ஊர் எனக்கு ஓட்டுப் போடுமா என்று தெரியாது. போட்டியிடத்தான் போகிறேன். அமைச்சர் பதவி இல்லாத ஒருத்தி நாடாளுமன்றத்தில் எவ்வளவு சத்தம் போடலாம் என்பதை ப்ரைஸ் இன்னும் பார்க்கவில்லை. மறுபயிற்சிக்கான பணத்தை அவர் கையிலிருந்து பிடுங்காமல் விட மாட்டேன்.

ஆஷ்கிராஃப்ட் கடிதம் எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை நிகழ்ச்சிக்கு வர முடியுமா என்று கேட்கிறார். அவர் ஆட்கள் இப்போது சுவரில் ஆமாம் என்ற கிளையும் வரைந்துவிட்டார்களாம். வருகிறேன், ஆனால் டையை மாற்ற வேண்டும் என்று பதில் போட்டேன்.

லெஸ் அடுத்த வாரம் கிளம்புகிறான். பாலின் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிறகு போவாள். இன்று காலை அவன் என்னை ரயிலடிக்குக் கொண்டுபோய்விடும்போது, சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு ஆட்ரி. அன்னைக்கு டிவியில அத எனக்காகவா சொன்ன?" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "உனக்காகப் பதவிய விடறதுக்கு நீ என்ன பெரிய துரையா? ஊருக்காகச் சொன்னேன்டா" என்றேன். அவன் முகத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியதை நான் பார்த்தேன். "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ரயில் தாமதம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பியை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனுக்காக ஒருத்தி எதையாவது இழந்தாள் என்று தெரிந்தால் கப்பலிலிருந்து குதித்தாவது திரும்பி வந்துவிடுவான். நான் சொன்னதை அவன் முழுக்க நம்பவில்லை. உனக்கு எழுதிக் கேட்பான். ஆட்ரி ஊருக்காகத்தான் சொன்னாள் என்று அவனுக்கு எழுது. உன் கையால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுது. இந்த ஒரு முறை எனக்காக நீ மழுப்பு, வில்ஃப். போதும்.

தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டு பத்திரமாக இரு. சீக்கிரம் வா.

என்றும் உன்
ஆட்ரி